பிக்கெட் என்600-இஎஸ்: நிலாவுக்குப் போன ஸ்லைடு ரூலை இன்று வாங்கலாமா?

பழைய கணக்குக் கருவிகளைத் தேட ஆரம்பித்த எவரும் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் இந்த மஞ்சள் அலுமினியச் சட்டம். அமெரிக்காவின் பிக்கெட் நிறுவனம் செய்த என்600-இஎஸ் என்ற ஸ்லைடு ரூல், அதாவது மடக்கை (லாகரிதம்) முறையில் எண்கள் அச்சிட்ட சட்டங்களை நகர்த்திப் பெருக்கல், வகுத்தல் போடும் கருவி. அப்பல்லோ விண்கலங்களில் போன மாடல் இது. அப்பல்லோ 13-இல் பயணித்த ஒன்று ஸ்மித்சோனியன் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பல்லோ 11-இல் பஸ் ஆல்ட்ரின் எடுத்துப்போனது 2007-இல் 77,675 டாலருக்கு ஏலம் போனது. ஆனால் விண்வெளிக்கென்று தனியாகச் செய்த பொருள் அல்ல. கடையில் மாணவர்களும் பொறியாளர்களும் காசு கொடுத்து வாங்கிய அதே சரக்குதான். அதனால் பயன்படுத்திய சட்டங்கள் இன்றும் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. இங்கே பேசப்போவது அந்தச் சாதாரணச் சட்டத்தைப் பற்றி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 5 அங்குல நீளத்துக்குள் இவ்வளவு அளவுகோல்களை இவ்வளவு யோசித்து அடுக்கிய சட்டம் அபூர்வம். சட்டைப்பையில் அடங்கும் ஒரு முழுமையான பொறியாளர் ஸ்லைடு ரூல். ஆனால் ஸ்லைடு ரூலையே முதன்முறையாகத் தொடுகிறவர் இதிலிருந்து தொடங்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

பெயரில் இருக்கும் இஎஸ் என்பது கண்ணுக்கு இதம் தரும் மஞ்சள் என்று பிக்கெட் விளம்பரப்படுத்திய நிறம். 5600 ஆங்ஸ்ட்ராம், அதாவது 560 நானோமீட்டர் அலைநீளத்தைக் குறிவைத்த மஞ்சள். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் பக்கம் என்பதால் இந்தப் பேச்சில் பொருள் இருக்கிறது. குழல்விளக்கின் கீழே வெள்ளைச் சட்டம் பளபளத்துக் கூசும், மஞ்சள் கூசாது. இதே சட்டம் வெள்ளை நிறத்திலும் வந்தது, அதற்கு என்600-டி என்று பெயர். அளவுகோல்கள் அதேதான். நிலாக் கதைக்காக விலை ஏறுவது மஞ்சளுக்கு. கணக்குப் போட மட்டும் வேண்டுமென்றால் வெள்ளை கிடைத்தாலும் தயங்காமல் எடுக்கலாம்.

மூன்று பாகங்கள். இரண்டு தண்டவாளங்களும் அவற்றை இரு முனையிலும் பிணைக்கும் தகடுகளும் சேர்ந்தது உடல். நடுவில் இடமும் வலமும் ஓடுவது நடுச்சட்டம். இரண்டு பக்கத்தையும் தழுவி ஓடும் ஒளிபுகும் சாளரம் கர்சர். அதன் நடுவே மெல்லிய மயிர்க்கோடு. உடலிலும் நடுச்சட்டத்திலும் இரு பக்கமாக மொத்தம் 22 அளவுகோல்கள்.

முன்பக்கத்தில் உடலில் எல்எல்1, ஏ, டி, டிஐ, கே. நடுச்சட்டத்தில் பி, சிறுகோண அளவுகோல், டேன், சைன், சி. பின்பக்கத்தில் உடலில் எல்எல்2, டிஎஃப், டி, எல்எல்3. நடுச்சட்டத்தில் சிஎஃப், எல்என், எல், சிஐ, சி. சி, டி இரண்டும் பெருக்கல், வகுத்தலுக்கான முதன்மை அளவுகோல்கள், இரு முனையிலும் 1. சிஐ, டிஐ அவற்றின் தலைகீழிகள்; ஏ, பி வர்க்கங்கள்; கே கனங்கள்; எல், எல்என் மடக்கைகள்; எல்எல் அடுக்குக் கணக்குக்கு. தொடுகோட்டு விகிதத்துக்கான அளவுகோலையும் முதன்மை அளவுகோலையும் தமிழில் எழுதினால் இரண்டும் டி ஆகிவிடும். அதனால் முன்னதை டேன் என்றே எழுதியிருக்கிறோம். எண்ணினால் 19தான் வரும். மூன்று எல்எல் கோடுகளும் ஒவ்வொன்றும் இரட்டை: ஒரே கோட்டின் ஒரு புறம் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள், மறு புறம் அவற்றின் தலைகீழிகள் (1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருபவை). அதோடு 22.

இந்த அடுக்கில் கவனிக்க வேண்டியது, சி-யும் டி-யும் இரு பக்கத்திலும் இருப்பது. முன்பக்கத்தில் கோணக் கணக்கைப் போட்டுவிட்டு, கர்சரை அசைக்காமல் சட்டத்தைப் புரட்டினால், பின்பக்கத்து டி-யில் அதே எண் காத்திருக்கும். அங்கிருந்து பெருக்கலைத் தொடரலாம். விலை மலிந்த பல சட்டைப்பை அளவுச் சட்டங்களில் இந்த வசதி கிடையாது. ஒற்றைப் பக்கச் சட்டமாக இருந்தால் நடுச்சட்டத்தை உருவிப் புரட்டிப் போட வேண்டியிருக்கும், அதற்குள் கணக்கின் நூல் அறுந்துவிடும்.

பின்பக்கம்தான் உழைக்கும் பக்கம். ஓர் அடுக்ககத்துக்குத் தரைக்கடியில் சம்ப் கட்டுகிறார்கள், 4.5 மீட்டர் நீளம், 3.2 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் ஆழம். எத்தனை லிட்டர்? மயிர்க்கோட்டை டி-யின் 4.5 மேல் வையுங்கள். நடுச்சட்டத்தை நகர்த்தி சிஐ-யின் 3.2-ஐ மயிர்க்கோட்டின் கீழே கொண்டுவாருங்கள். மயிர்க்கோட்டை சி-யின் 1.6-க்கு நகர்த்துங்கள். டி-யில் 2.30 என்று தெரியும். நடுச்சட்டம் ஒரே ஒருமுறைதான் நகர்ந்தது. மூன்று எண்கள் பெருகிவிட்டன. புள்ளியை நாம்தான் வைக்க வேண்டும்: ஐந்து மூன்று பதினைந்து, அதில் ஒன்றரை மடங்கு இருபத்திரண்டு சொச்சம். ஆகவே 23 கன மீட்டர், 23,000 லிட்டர். துல்லிய விடை 23,040.

புள்ளியை நாமே வைக்க வேண்டும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். ஸ்லைடு ரூலின் பெரிய வரமே அதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. விடை இருபதா, இருநூறா, இரண்டாயிரமா என்று மனத்துக்குள் ஒரு நிமிடம் எடைபோடாமல் இந்தச் சட்டத்தில் எந்தக் கணக்கையும் முடிக்க முடியாது. கால்குலேட்டரில் ஒரு சுழியம் கூடுதலாக விழுந்தால் திரை அதையும் எட்டு இலக்கத்தில் காட்டும். பார்க்கிறவருக்கு உறுத்தாது. சட்டத்தைப் பழகியவருக்கு அளவு தப்பிய எண் உடனே உறுத்தும்.

இப்போது அதே பக்கத்தில் இன்னொரு கணக்கு: 1.8 × 2.4 × 1.5. மேலே சொன்னபடியே செய்தால் நடுச்சட்டம் இடப்பக்கமாக வெளியே நீளும். சி-யின் 1.5 உடலுக்கு வெளியே போய் நிற்கும். அதற்கு நேரே டி இல்லை. புதியவர்கள் மனம் தளருவது இந்த இடத்தில்தான். எதையும் மாற்றி வைக்க வேண்டாம். கண்ணை மேலே கொண்டுபோய் சிஎஃப்-இன் 1.5-ஐப் பாருங்கள், அதற்கு நேர் மேலே டிஎஃப்-இல் 6.48. சிஎஃப், டிஎஃப் இரண்டும் பை (π) எண்ணில் மடித்த, அதாவது 1-க்குப் பதிலாக பையில் தொடங்கும் அளவுகோல்கள்; சி, டி-யில் எந்தப் பெருக்கல் வைக்கப்பட்டிருக்கிறதோ அதுவே அங்கும் வைக்கப்பட்டிருக்கும். மடிப்பு பையில் இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு: டி-யில் ஒரு வட்டத்தின் விட்டத்தை வைத்தால் டிஎஃப்-இல் சுற்றளவு நேரே தெரியும், நடுச்சட்டத்தைத் தொடாமலே.

நிலம் வாங்கி விற்கும் பேச்சில் சென்ட், கிரவுண்டு, சதுர அடி என்று மாறி மாறி வரும் அல்லவா? ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சி-யின் இடது 1-ஐ டி-யின் 4.356-க்கு நேரே வைத்துவிடுங்கள். அவ்வளவுதான். இனி நடுச்சட்டத்தைத் தொடவே வேண்டாம், முழு மாற்று அட்டவணையும் கண்முன்னே விரிந்துவிட்டது. சி-யில் 2 சென்ட், டி-யில் 871 சதுர அடி. டிஎஃப்-இல் 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு. அதற்கு நேரே சிஎஃப்-இல் 5.51 சென்ட். ஒரே விகிதத்தில் இருபது முப்பது எண்களை மாற்ற வேண்டிய வேலைக்கு, பொத்தானை அழுத்தி அழுத்தி எடுக்கும் கால்குலேட்டரைவிட இது வேகம். ஸ்லைடு ரூலின் மற்ற எல்லாப் புகழையும் விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க முடியாது.

முன்பக்கத்தில் வட்டப் பரப்பு. 4.2 மீட்டர் விட்டமுள்ள கிணறு. சி-யில் 1.128-ஐ டி-யின் 4.2-க்கு நேரே கொண்டுவாருங்கள். பி-யின் 1-க்கு மேலே ஏ-யில் 13.8 சொச்சம், சதுர மீட்டரில் பரப்பு அது. 1.128 எங்கிருந்து வந்தது? நான்கை பையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண். விட்டத்தை அதனால் வகுத்து வர்க்கப்படுத்தினால் பரப்பு. ஏ, பி இரண்டும் வர்க்கங்களின் அளவுகோல்கள் என்பதால் வர்க்கப்படுத்தும் வேலை தானாக நடந்துவிடுகிறது.

கோபுர உயரம்: 40 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் உச்சி 35 பாகை. சி-யின் வலது 1-ஐ டி-யின் 4 மேல் வைத்து, மயிர்க்கோட்டை டேனின் 35-க்கு நகர்த்தினால், டி-யில் 2.80. ஆக 28 மீட்டர். அதோடு பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்ட வேண்டும். கூட்டல் மட்டும் வாயாலோ தாளாலோதான். ஸ்லைடு ரூல் கூட்டாது, கழிக்காது.

இந்தச் சட்டத்தின் கிரீடம் எல்எல் அளவுகோல்கள். சட்டைப்பை அளவுச் சட்டத்தில் மூன்று எல்எல் கோடுகளும் அவற்றின் தலைகீழிகளும் சேர்ந்து கிடைப்பது பெரிய விஷயம். எல்எல்1 என்பது 1.01-இலிருந்து 1.105 வரை. எல்எல்2 அங்கிருந்து 2.718 வரை. எல்எல்3 அங்கிருந்து 22,000 வரை. எண்ணும் விடையும் இந்த எல்லைக்குள் இருக்கும்வரை எந்த அடுக்குக்கும் உயர்த்த இவை போதும்.

வங்கியில் ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டு வட்டி. 9 ஆண்டில் பணம் எத்தனை மடங்காகும்? முன்பக்கத்தில் மயிர்க்கோட்டை எல்எல்1-இன் 1.08 மேல் வையுங்கள். சி-யின் வலது 1-ஐ மயிர்க்கோட்டின் கீழே இழுங்கள். மயிர்க்கோட்டை சி-யின் 9-க்கு நகர்த்துங்கள். சட்டத்தைப் புரட்டி எல்எல்2-ஐப் பாருங்கள்: 2.00. பணம் இரட்டிப்பு. அதே கோட்டின் தலைகீழிப் புறத்தில் 0.50 நிற்கும், ஆண்டுக்கு 8 சதவீதம் விலைவாசி ஏறினால் இன்றைய நூறு ரூபாய் அன்றைக்கு எவ்வளவு பெறும் என்பதற்கான விடை அது. கேட்காமலே கிடைத்த விடை.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம், விடையை எந்த எல்எல்-இல் படிப்பது என்பது. அடுக்கு 1-க்கும் 10-க்கும் நடுவே இருந்தால் விதி எளிது: இடது 1-ஐ வைத்துப் பெருக்கினால் விடை தொடங்கிய கோட்டிலேயே இருக்கும், வலது 1-ஐ வைத்தால் அடுத்த கோட்டுக்குத் தாவும். மேலே வலது 1 வைத்தோம், அதனால் எல்எல்1-இலிருந்து எல்எல்2-க்குப் போனோம். தப்பாக எல்எல்3-இல் படித்தால் ஆயிரத்துக்கு மேல் ஓர் எண் வரும். 8 சதவீதத்தில் 9 ஆண்டில் பணம் ஆயிரம் மடங்காகாது என்று மனம் உடனே மறுத்துவிடும். எல்எல் கோடுகளில் புள்ளி அச்சிலேயே இருக்கிறது, ஊகிக்க வேண்டியதில்லை. மற்ற அளவுகோல்களிலிருந்து இவை வேறுபடுவது இதில்தான்.

பள்ளியில் கிளார்க் அட்டவணையைப் புரட்டியவர்களுக்கு இதே கணக்கின் பழைய வழி நினைவிருக்கும்: 1.08-இன் மடக்கையைத் தேடு, ஒன்பதால் பெருக்கு, எதிர்மடக்கையைத் தேடு, சராசரி வித்தியாசத்தைக் கூட்டு. நான்கு இலக்கத் துல்லியம் கிடைக்கும். ஐந்து நிமிடம் போகும். சட்டத்தில் பத்து விநாடி, இரண்டு அல்லது மூன்று இலக்கம். இரண்டும் ஜான் நேப்பியர் 1614-இல் வெளியிட்ட மடக்கையின் பிள்ளைகளே. ஒன்று புத்தகமாக வளர்ந்தது, இன்னொன்று சட்டமாக.

துல்லியத்தைப் பற்றி நேராகப் பேசிவிடுவோம். 10 அங்குலச் சட்டத்தில் கண் 0.1 மில்லிமீட்டர் தவறினால் விடையில் ஏறத்தாழ 0.09 சதவீதப் பிழை. 5 அங்குலத்தில் அதே கண் தவறு 0.18 சதவீதமாகிறது. மடக்கை அளவுகோலின் அழகு, இந்தப் பிழை அளவுகோலின் எந்த இடத்திலும் ஒன்றே என்பது. இடது முனையிலும் வலது முனையிலும் ஒரே சதவீதம். ஆனால் கோடுகளின் நெருக்கம் மாறுகிறது. வழக்கமான 10 அங்குலச் சட்டத்தில் 1-க்கும் 2-க்கும் நடுவே 100 பிரிவுகள். 5 அங்குலத்தில் 50. அதற்கப்புறம் இரண்டு கோடுகளுக்கு நடுவே கண்ணாலேயே பங்கிட வேண்டும். ஒரு சிறிய கோடு எவ்வளவு மதிப்பு என்பது 2-இலும் 5-இலும் மாறும். இதைக் கவனிக்காமல் படிப்பதே புதியவர்களின் தவறுகளில் பாதி. பெரிய சட்டத்தில் இந்த மாற்றத்தைக் கண் தானே பிடித்துக்கொள்ளும். சின்னச் சட்டத்தில் பிடிக்காது. புதியவர் இதில் தொடங்க வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு முதல் காரணம் இது. நாற்பது வயதைத் தாண்டியவருக்குப் படிக்கும் கண்ணாடி இல்லாமல் எல்எல்1-இன் இரட்டைக் கோடு தெளியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் அலுமினியம்.

அலுமினியத்துக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. மரச் சட்டம் ஈரக்காற்றில் உப்பும், நடுச்சட்டம் இறுகும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் மகோகனிச் சட்டங்கள் இம்மியும் நகராமல் அடம்பிடிக்கும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. வெப்பத்தில் விரியும்; ஆனால் உடலும் நடுச்சட்டமும் ஒரே உலோகம் என்பதால் இரண்டும் ஒரே விகிதத்தில் விரியும், விடை மாறாது. ஆனால் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. மசகு காய்ந்த சட்டத்தில் நடுச்சட்டம் வழுக்கி ஓடாது; விட்டு விட்டுத் துள்ளும். 2.34-இல் நிறுத்த நினைத்தால் 2.3-இலிருந்து 2.4-க்குத் தாவும். உரசலில் வரும் கறுப்புத் தூள் விரலில் ஒட்டும். மூங்கிலில் செய்த ஜப்பானிய ஹெம்மி சட்டங்கள் மசகே கேட்காமல் பட்டுப்போல் ஓடுகின்றன. அதைக் கையில் பிடித்துவிட்டு இதைப் பிடித்தால் வித்தியாசம் உடனே தெரியும். வாங்கிய அன்றே பிக்கெட் மட்டம் என்று முடிவுகட்டுகிறவர்கள் பெரும்பாலும் காய்ந்த சட்டத்தை வைத்து முடிவுகட்டியவர்கள்.

சரிசெய்வது அரைமணி நேர வேலை. நடுச்சட்டத்தை முழுதாக வெளியே உருவுங்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மென்மையான துணியை நனைத்துப் பிழிந்து, தண்டவாளங்களின் பள்ளத்தையும் நடுச்சட்டத்தின் விளிம்பு நாக்குகளையும் துடையுங்கள். பள்ளத்தின் ஆழத்துக்குப் பல்குத்தும் குச்சியில் துணியைச் சுற்றி ஓட்டலாம். சுத்தமான ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. நன்றாக உலர்ந்ததும் பெட்ரோலியம் ஜெல்லியை ஓர் அரிசி அளவு எடுத்து இரண்டு நாக்குகளிலும் மெல்லிய படலமாகத் தடவி, நடுச்சட்டத்தைச் செருகி, முழு நீளத்துக்கும் இருபது முறை ஓட்டுங்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். கறுப்பாக வந்தால் மறுபடி துடைத்து மறுபடி தடவ வேண்டும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். சில மாதங்களில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். தையல் இயந்திர எண்ணெய் மெல்லியது என்பதால் கர்சருக்குக் கீழே பரவிப் படலமாகி எழுத்தை மங்கடிக்கும். தின்னர், அசிட்டோன், சாராயம் கலந்த துடைப்பான்கள் பக்கமே போகக் கூடாது. அச்சு எழுத்துகள் வண்ணத்தின் மேலே இருக்கின்றன, செதுக்கிய பள்ளத்தில் இல்லை, போனால் போனதுதான்.

பிடிக்கும் முறையிலும் ஒரு தவறு உண்டு. சட்டத்தின் நடுப்பகுதியை மேலும் கீழுமாக அழுத்திப் பிடித்தால் தண்டவாளங்கள் நெருங்கி நடுச்சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். முனைத்தகடுகளின் அருகே பிடித்து, ஒரு கைக் கட்டைவிரலால் நடுச்சட்டத்தின் முனையைத் தள்ளி, மறு கை விரலால் எதிர்முனையில் தடை கொடுத்தால் ஒரு மயிரிழை அளவுக்கு நகர்த்தலாம். சரியான இறுக்கம் என்றால், சட்டத்தைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது நடுச்சட்டம் தன் எடையில் விழக் கூடாது, கட்டைவிரல் தள்ளினால் தயங்கவும் கூடாது.

வாங்கும் முன் விற்பவரிடம் படம் கேட்பவர்கள் பெட்டியையும் தோல் உறையையும் படமெடுக்கச் சொல்கிறார்கள். கேட்க வேண்டிய படங்கள் வேறு. சி-யின் 1-உம் டி-யின் 1-உம் நேராக நிற்கும்போது இரு பக்கத்தையும் செங்குத்தாகப் பார்த்து எடுத்த படங்கள். அவற்றில் வலது முனையிலும் சி, டி பொருந்த வேண்டும். ஏ-யும் பி-யும் பொருந்த வேண்டும். பின்பக்கத்தில் சிஎஃப், டிஎஃப் பொருந்த வேண்டும். அடுத்து சி-யின் 1-ஐ டி-யின் 2 மேல் வைத்து ஒரு படம்: சி 2 டி 4-இலும், சி 3 டி 6-இலும், சி 5 டி-யின் வலது முனையிலும் நிற்க வேண்டும். பிறகு மயிர்க்கோடு டி 2-இல் இருக்கும் படம்: ஏ-யில் 4, கே-யில் 8. கே-யில் 8 சரியாக இருந்து ஏ-யில் 4 விலகினால் மயிர்க்கோடு சாய்ந்திருக்கிறது. கடைசியாக மயிர்க்கோட்டை முன்பக்க டி-யின் இடது 1-இல் வைத்துவிட்டுச் சட்டத்தைப் புரட்டி ஒரு படம்: பின்பக்க மயிர்க்கோடு டி 1-இலும், டிஎஃப்-இல் பையிலும், எல்எல்3-இல் 2.718-இலும் விழ வேண்டும். இதில் விலகினால் மேலே போட்ட வட்டிக் கணக்கே தப்பாகும். நேரில் வாங்குவதாக இருந்தால் சைன் 30-க்கு நேரே சி-யில் 5, எல்-இல் 0.301-க்கு நேரே சி-யில் 2 என்பதையும் பாருங்கள். இவை நடுச்சட்டத்தின் அச்சு நேர்த்தியைக் காட்டும். இங்கே பிழை இருந்தால் திருத்தவே முடியாது.

திருத்தக் கூடியவை உடலும் கர்சரும். ஏ, பி பொருந்தவில்லையென்றால் முதலில் சி, டி-யை இரு முனையிலும் பொருத்தி வையுங்கள். முனைத்தகட்டுத் திருகுகளைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, மேல் தண்டவாளத்தை இடமோ வலமோ மெல்லத் தட்டி ஏ-யைப் பி-யோடு நேராக்குங்கள். புரட்டி டிஎஃப், சிஎஃப் சரிதானா என்று பார்த்து, இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு முனையை முழுதாக இறுக்கிவிட்டு மறு முனைக்குப் போனால் தண்டவாளங்கள் இணையாக நிற்காது; நடுச்சட்டம் பாதி வழியில் இறுகி மீதி வழியில் தொளதொளக்கும். உடல் சரியான பிறகே கர்சர். ஒரு பக்கச் சாளரத்தின் திருகுகளைத் தளர்த்தி, மயிர்க்கோடு ஏ 1, டி 1 இரண்டிலும் ஒரே நேரத்தில் விழும்படி வைத்து இறுக்கி, கர்சரை அசைக்காமல் புரட்டி மறு பக்கத்தையும் அப்படியே செய்யுங்கள். திருகுப்புளி பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். இங்கே திருகுத் தலையை நசுக்கிவிட்டால் மாற்றுத் திருகு தேடி அலைய வேண்டும்.

திருத்த முடியாதவை: வளைந்த உடல், பிளந்த கர்சர் ஓரம், அழிந்த இடது 1. மெல்லிய அலுமினியம் கீழே விழுந்தால் வளையும். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு மூலை தூக்கும். நிமிர்த்த முயன்றால் வேறோர் இடத்தில் வளைகிறது. விளிம்பில் விழுந்த சிறு நசுங்கல் மட்டும் என்றால் மிக நுண்ணிய உப்புத்தாளால் பிசிரை நீக்கி ஓட்டிவிடலாம். கர்சருக்குள் இருக்கும் சிறு வில் தொலைந்திருந்தால் கர்சர் பிடிப்பில்லாமல் சரியும். விற்பவரிடம் சட்டத்தைச் சாய்த்துக் காட்டச் சொன்னால் இது தெரிந்துவிடும். வண்ணத்தின் கீழே கொப்புளமும் வெள்ளைத் தூளும் இருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கியிருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். சாளரக் கீறலை நுரைக்கும் பற்பசையால் தேய்த்து மங்கச் செய்யலாம். ஆனால் வெளிப்புறத்தை மட்டும். மயிர்க்கோடு உட்புறத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் தேய்த்தால் கோடும் போய்விடும்.

கையில் இருக்கும் பணத்துக்கு எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: முதல் சட்டமாக 10 அங்குல ஹெம்மி மூங்கில். அதில் ஒரு மாதம் பழகிய பிறகு இந்த மஞ்சள் பிக்கெட். பிளாஸ்டிக்கில் ஜெர்மனியின் ஃபேபர்-காஸ்டல் 2/83என் எல்லாரும் மெச்சுவது. அளவுகோல்கள் ஏராளம், ஓட்டம் வெண்ணெய். ஆனால் சட்டைப்பைக்கு அடங்காது. அமெரிக்காவின் கே அண்ட் இ மகோகனிச் சட்டங்களில் கர்சர் ஓரங்கள் தானாகவே சிதைந்து உதிர்வது பரவலான நோய், படத்தில் கர்சரைக் காட்டாத விற்பனையை நம்ப வேண்டாம். பழைய பொருளே வேண்டாம், புதிதாகத்தான் வேண்டும் என்றால் ஜப்பானின் கன்சைஸ் செய்யும் வட்டச் சட்டங்களைப் பார்க்கலாம். வட்டத்தில் அளவுகோலுக்கு முனையே இல்லாததால் நடுச்சட்டம் வெளியே போகும் தொல்லை கிடையாது. 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் ஓடும் அளவுகோலுக்கு 25 சென்டிமீட்டர் நீளம் கிடைக்கும். உள்ளங்கையில் 10 அங்குலத் துல்லியம். இருந்தாலும் இரு கையாலும் இழுத்து நிறுத்தும் அந்தச் சுகம் வட்டத்தில் வராது.

1972-இல் எச்பி-35 என்ற அறிவியல் கால்குலேட்டர் 395 டாலருக்கு வந்தது. மூன்றே ஆண்டில், 1975-இல், கே அண்ட் இ ஸ்லைடு ரூல் செய்வதை நிறுத்தியது. ஒரு தொழிலே இவ்வளவு வேகமாக அணைந்ததால், தேய்மானமே இல்லாத சட்டங்கள் உறைக்குள்ளேயே தங்கிவிட்டன. இன்று கிடைக்கும் என்600-இஎஸ் பலவும் சில ஆண்டுகள் மட்டும் உழைத்தவை. அவற்றைக் கெடுத்தது உழைப்பல்ல, உறைக்குள் கிடந்த காலம். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சை ஏறும், அது உலோகத்துக்கும் பரவும். வந்தவுடன் சட்டத்தை உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். உறையைத் தனியே வெயில் படாத காற்றில் உலர்த்தி வையுங்கள். சட்டத்தைப் பருத்தித் துணியில் சுற்றி, மாத்திரைப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு மூடிய டப்பாவில் வைக்கலாம். மாதம் ஒருமுறை நடுச்சட்டத்தை முனையிலிருந்து முனைக்கு ஓட்டிப் பாருங்கள். துள்ளினால் அரிசி அளவு ஜெல்லிக்கு வேளை வந்துவிட்டது.